வீட்டுக்கு அடியில் தண்ணீர் இறங்கினால் நல்லதுதானே? பாஸ்டன் சவுத் எண்டில் வீடு வாங்குமுன் ஒரு சந்தேகம்

மாயவரத்தான் (கேள்வி)

வணக்கம். பாஸ்டனில் பழைய வீட்டில் குடியிருப்பவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

சவுத் எண்டில் ஒரு செங்கல் ரோ ஹவுஸில் (சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் வீடு) கீழ்த்தள காண்டோ (சொந்த ஃபிளாட்) பார்த்திருக்கிறோம். 1860-களில் கட்டிய கட்டிடம், மொத்தம் நாலு குடித்தனம். தெருவிலிருந்து நாலு படி இறங்கி உள்ளே போகணும், பின்னால் சின்னதாக ஒரு முற்றம். மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். ஆஃபர் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். கடைசி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இன்னும் பத்து நாள் இருக்கிறது.

இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனபோது முன்னறை ஜன்னலுக்கு மேல் செங்கல் வரிசையை ஒட்டிப் படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது. பூசி பெயின்ட் அடித்திருக்கிறார்கள், அந்தப் பெயின்டும் விட்டிருக்கிறது. படுக்கையறைக் கதவு தானாகத் திறந்துகொள்கிறது. என் மகள் பந்தை எங்கே வைத்தாலும் தெருப்பக்கச் சுவருக்கே உருண்டு போகிறது. இன்ஸ்பெக்டர் சொன்னது: "இந்தப் பகுதி முழுக்கத் தூர்த்த நிலம். வீடுகள் மரப் பைல், அதாவது மண்ணுக்குள் அடித்து இறக்கிய மரக்கால் மேல் நிற்கின்றன. நிலத்தடி நீர் இறங்கினால் பைல் கெடும். மண்ணுக்குக் கீழே பார்ப்பது என் வேலையில் வராது, நீங்கள் தனியாகப் பாருங்கள்."

விற்பவரின் ஏஜென்ட் வேறு மாதிரி பேசுகிறார். இரண்டு வருஷம் முன்பு தரையைப் பெயர்த்துத் தாழ்த்திப் புதிதாகப் போட்டு, மூலையில் சம்ப் பம்ப் (தரைக்கு அடியில் குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளுவது) வைத்திருக்கிறார்களாம். சொட்டு ஈரம் கிடையாது என்று பெருமையாகக் காட்டினார். ஊருக்கு போன் போட்டால் அப்பா, "தண்ணி கீழ எறங்குனா அஸ்திவாரத்துக்கு நல்லதுதானேடா, ஓதம் ஏறாதே" என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. நம் பக்கம் மனை வாங்கும்போது குளம் தூர்த்த இடமா என்று விசாரிப்போம். இங்கே ஊரே தூர்த்த இடம் என்றால் என்ன விசாரிப்பது? யாரிடம் கேட்பது? வாங்கலாமா, விட்டுவிடலாமா?

ஆக்டன்வாசி

விட்டுவிடுங்கள் சார். அந்த விலைக்கு ஆக்டனிலோ ஷ்ரூஸ்பரியிலோ தனி வீடு, தோட்டம், நல்ல ஸ்கூல் எல்லாம் கிடைக்கும். 160 வருஷக் கட்டிடத்தை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

திருவையாற்றுக்காரி

தம்பி, ஒரு வரியில் வாங்கு, வாங்காதே என்று சொல்கிற விஷயம் இல்லை இது. நான் சவுத் எண்டில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். ஐந்து குடித்தனக் கட்டிடம். எங்கள் வீட்டுக் கால்கள் இத்துப்போய், அதை மாற்றி, அதற்குப் பணம் வசூல் பண்ணிக் கொடுத்த டிரஸ்டிகளில் (கட்டிடத்தை நிர்வகிக்கும் காண்டோ டிரஸ்ட்டின் பொறுப்பாளர்கள்) நானும் ஒருத்தி. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உங்கள் அப்பா கேட்டது. என் அப்பாவும் அச்சு அசலாக இதையே கேட்டார். நான் அவரிடம் கொல்லை வேலியைத்தான் சொன்னேன். வேலிக்கால் நட்டு ஐந்தாறு வருஷம் கழித்துப் பிடுங்கினால் எந்த இடத்தில் இத்திருக்கும்? ஆழத்தில் ஈர மண்ணுக்குள் இருக்கிற நுனி கெட்டியாக இருக்கும். மேலே வெயிலில் நிற்கிற பாகமும் கெட்டியாக இருக்கும். மண்மட்டத்தில் ஈரமும் காற்றும் சேருகிற அந்த ஒரு சாண்தான் கையோடு பிய்ந்து வரும். மரத்தைத் தின்கிற பூஞ்சைக்கு இரண்டுமே வேண்டும். முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தால் காற்று கிடைக்காது, அதனால் நூற்றைம்பது வருஷம் ஆனாலும் மரம் அப்படியே இருக்கும். தண்ணீர் இறங்கி, காலின் தலை வெளியே தெரிந்ததென்றால் அன்றைக்கே கணக்கு ஆரம்பித்துவிடும். அப்பா கேட்டுவிட்டு, "அப்ப தண்ணிய வத்த விடாம பாத்துக்கங்க" என்றார். இந்த ஊர் முழுக்க இப்போது அதைத்தான் செய்யப் பார்க்கிறது.

பாஸ்டன் முதலில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மேடு. அதைக் கரையோடு சேர்த்தது ஒடுங்கிய ஒரு நிலப்பட்டை மட்டும்தான், இன்றைக்கு வாஷிங்டன் தெரு போகிறதே, அதுதான் அந்தப் பட்டை. இரண்டு பக்கமும் கடல் ஏறி இறங்குகிற சேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தச் சேற்றைத் தூர்த்தார்கள். சவுத் எண்ட் முதலில் ஆரம்பித்தது. பக்கத்துப் பகுதியான பேக் பேயை 1858-லிருந்து தூர்த்தார்கள், அதற்கு நீடம் ஊரிலிருந்து ராப்பகலாக ரயிலில் சரளை வந்தது. மேலே நிரப்பிய மண், அதற்குக் கீழே பழைய கறுப்புச் சேறு, அதற்கும் கீழே களி. நிரப்பிய மண்ணும் சேறும் செங்கல் வீட்டைத் தாங்காது. அதனால் நெட்டை மரங்களைச் சேற்றைத் தாண்டி அடித்து இறக்கி, தலைகளை ஒரே மட்டத்தில் அறுத்து, மேலே கருங்கல் பாளம் வைத்து, அதன்மேல் சுவர் எழுப்பினார்கள். காப்லி சதுக்கத்தில் 1877-ல் திறந்த டிரினிட்டி தேவாலயம் சுமார் 4,500 மரக்கால் மேல் நிற்கிறது. அதற்கு எதிரே இருக்கிற பொது நூலகத்தில் 1929-லேயே கால்கள் இத்துப்போனதைக் கண்டுபிடித்து வேலை பார்த்திருக்கிறார்கள். அதனால் இது புதிதாக முளைத்த நோய் இல்லை.

தலையை எந்த மட்டத்தில் அறுத்தார்கள் என்பதுதான் உயிர்நாடி. இங்கே உயரத்தை எல்லாம் 'பாஸ்டன் சிட்டி பேஸ்' என்கிற ஒரு பூஜ்யக் கோட்டிலிருந்து அளப்பார்கள். பேக் பேயில் பெரும்பாலும் 5 அடி சுமாரில் அறுத்திருக்கிறார்கள். 1910-ல் அணை கட்டிய பிறகு சார்ல்ஸ் ஆறு ஏறக்குறைய 8 அடி மட்டத்தில் நிற்கிறது. நிலத்தடி நீரும் அதை ஒட்டி நின்றால் கால்தலைக்கு மேல் மூன்றடி தண்ணீர், ஒரு கவலையும் இல்லை. சவுத் எண்டில் வீட்டுக்கு வீடு மாறும். வாஷிங்டன் தெருவை ஒட்டிய பழைய மேட்டில் இருக்கிற சில வீடுகளுக்குக் காலே இருக்காது.

நம் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டதும் "போர் போட்டு உறிஞ்சிட்டாங்களா?" என்பார்கள். இங்கே யாரும் இந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை, குழாயில் வருவது தூரத்து குவாபின் நீர்த்தேக்கத் தண்ணீர். நிலத்தடியில் ஊறுவது மழைத் தண்ணீர்தான். பாஸ்டன் மழை வருஷத்துக்கு 1,100 மில்லிமீட்டர் சொச்சம். சென்னையில் 1,400 பெய்தாலும் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றிக் கொட்டித் தீர்த்துவிடும். இங்கே பன்னிரண்டு மாதமும் பரவலாகப் பெய்யும். ஆனால் விழுகிற இடமெல்லாம் கூரை, தார், சிமென்ட். குழாய் வழியாக நேரே சாக்கடைக்குப் போய்விடுகிறது. பூமிக்குள் இருக்கிற கொஞ்சமும் பழைய சாக்கடை விரிசல் வழியாக உள்ளே வடிகிறது. சாக்கடை கசிந்து கிணற்றில் கலந்துவிடுமோ என்றுதானே நாம் பயப்படுவோம்? இங்கே கிணற்றுத் தண்ணீர் சாக்கடைக்குள் கசிகிறது. சுரங்க ரயில் பாதை, கார் சுரங்கம், வீட்டு பேஸ்மென்ட் பம்ப் எல்லாமே சேர்ந்து உறிஞ்சுகின்றன.

எங்கள் வீட்டுக் கதை இப்படி. நீங்கள் சொன்ன மாதிரிதான், ஜன்னலுக்கு மேல் விரிசல். பூசினோம், மறு வருஷம் திரும்ப வந்தது. ஒரு மண் என்ஜினியரைக் கூப்பிட்டோம், அவர் சோதனைக் குழி தோண்டாமல் பேசவே முடியாது என்றார். பேஸ்மென்ட் தரையை நாலடிக்கு நாலடி அறுத்து இரண்டு பேர் கையாலேயே தோண்டினார்கள். பக்கச் சுவருக்குப் பலகை அடைத்து அடைத்து இறங்கி, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேல் போனதும் கருங்கல் பாளத்தின் அடி தெரிந்தது. அதற்குக் கீழே மரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கை நுழைகிற சந்து. நானும் ஏணியில் இறங்கிப் பார்த்தேன். என்ஜினியர் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை மரத்தின் தலையில் வைத்து அழுத்தினார். வாழைத்தண்டில் போகிற மாதிரி பிடிவரை போனது. கொஞ்சம் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார், டிகாக்‌ஷன் இறங்கின காபிச் சக்கை மாதிரி பழுப்பாக, ஈரமாக இருந்தது. தண்ணீர் அதற்கு ஒன்றரை அடி கீழே நின்றது. தண்ணீருக்குள் கையை விட்டு அதே மரத்தை அங்கே குத்தினார், ஸ்க்ரூ டிரைவர் தெறித்து வந்தது. தண்ணீருக்குள் இருந்த பாகத்தில் மரப்பட்டைகூட உரியவில்லை. ஒரே மரம், ஒன்றரை அடி வித்தியாசம். அந்தக் குழியில் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. யாராவது இருபது வருஷம் முன்னால் தண்ணீரைக் கவனித்திருந்தால் இந்த மரம் இன்னும் நூறு வருஷம் நின்றிருக்கும்.

மராமத்து என்பது, கெட்ட தலையை நல்ல மரம் வரைக்கும், அதாவது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வரைக்கும் அறுத்து எடுப்பது. இடைவெளியில் இரும்புக் கால் முட்டுக் கொடுத்து இறுக்கி, சுற்றிக் கான்கிரீட் போடுவார்கள். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று கால்தான் தொடலாம், இல்லாவிட்டால் சுவர் உட்கார்ந்துவிடும். மண்ணை வாளி வாளியாக வெளியே எடுத்தார்கள். ஐந்து மாதம் ஆனது. மொத்தம் 3,40,000 டாலர். என் பங்கு 22 சதவீதம். இன்சூரன்ஸ் ஒரு காசு தரவில்லை, பாலிசியிலேயே இது விலக்கு.

இனி நீங்கள் என்ன பண்ணலாம்? பாஸ்டன் கிரவுண்ட்வாட்டர் டிரஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. பீக்கன் ஹில் அடிவாரத்தில் பிரிமர் தெரு வீடுகளில் 1984-ல் கால்கள் இத்துப்போனது தெரிந்து பெரிய கலக்கம் ஆனது. அதற்குப் பிறகு 1986-ல் நகர மன்றம் ஏற்படுத்தியது இது. தூர்த்த பகுதி முழுக்க 800-க்கும் மேற்பட்ட அளவுக் கிணறுகள் வைத்து மட்டம் அளக்கிறார்கள். நடைபாதையில் சின்ன இரும்பு மூடி போட்டிருக்குமே, பலர் தண்ணீர் வால்வு என்று நினைத்து மிதித்துப் போவார்கள், அதில் பல இந்தக் கிணறுகள்தான். உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிணற்றின் அளவுகளை அவர்கள் இணையதளத்திலேயே பாருங்கள், போன் பண்ணினாலும் பொறுமையாகச் சொல்வார்கள்.

விற்பவரிடம் வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்: இந்தக் கட்டிடத்தில் இதுவரை சோதனைக் குழி தோண்டியதுண்டா, அறிக்கை உண்டா? மாசசூசெட்ஸில் அவர்களாக முன்வந்து சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக்கூடாது. காண்டோ டிரஸ்ட்டின் பழைய கூட்டக் குறிப்புகளையும் வாங்கிப் படியுங்கள். காலும் சுவரும் எல்லாருக்கும் பொதுச்சொத்து, அதனால் செலவு வந்தால் நாலு குடித்தனமும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். கீழ்த்தளம் என்பதால் உங்கள் தலையில் மட்டும் விழாது.

கடைசியாக அந்த பம்ப். சொட்டு ஈரம் இல்லை என்று பெருமைப்பட்டாரே, எனக்கு விரிசலைவிட அதுதான் கவலை. அந்த பம்ப் எந்தத் தண்ணீரை எங்கே தள்ளுகிறது என்று முதலில் பாருங்கள்.

மண்ணும் கல்லும்

நான் மண் பரிசோதனைத் துறையில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன், பேக் பேயில் நிறைய குழிகளில் இறங்கியிருக்கிறேன். அக்கா சொன்னது அத்தனையும் சரி. சிலதை மட்டும் சேர்க்கிறேன்.

கிணற்று அளவைப் பார்க்கும்போது ஒரே ஒரு நாள் எண்ணை வைத்து முடிவு பண்ணாதீர்கள். வசந்தத்தில் பனி உருகி ஏறும், கோடைக் கடைசியில் இறங்கும். 2016, 2022 மாதிரி வறட்சி வருஷங்களில் நன்றாகவே இறங்கும். சில வாரம் வெளியே தெரிந்ததால் மரம் இத்துப்போய்விடாது, வருஷக்கணக்கில் தொடர்ந்து தெரிந்தால்தான் ஆபத்து. முழு வரலாற்றையும் எடுத்து, ஒவ்வொரு வருஷத்திலும் மிகக் குறைந்த அளவு எது, எத்தனை மாதம் அப்படி நின்றது என்று பாருங்கள்.

இந்தத் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி பெரிய ஊற்று இல்லை. நிரப்பு மண்ணில் ஊறி, கீழே இருக்கிற சேற்றுப் படுகையின் மேல் தேங்கி நிற்கிறது. தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் ஓட்டை விழுந்தால் அந்தப் பக்கம் மட்டும் வற்றும், அடுத்த தெருவில் எட்டடி நிற்கும். அதனால் சிறிய பம்ப்கூட அக்கம்பக்கத்து வீடுகளைப் பாதிக்கும். அதே காரணத்தால் சிறிய முயற்சியும் பலன் கொடுக்கும். கூரைத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் முற்றத்தில் துளையிட்ட குழாய் புதைத்து, சல்லி போட்டு இறக்கினால் உள்ளூர் மட்டம் ஏறுவதை நானே அளந்து பார்த்திருக்கிறேன். இலை வடிகட்டும் தொட்டியை வருஷம் இரண்டு தரம் சுத்தம் பண்ண வேண்டும், பண்ணாவிட்டால் மூன்றே வருஷத்தில் அடைத்துவிடும். பக்கத்திலேயே சாக்கடை ஒழுகிக்கொண்டிருந்தால் எவ்வளவு இறக்கினாலும் நிற்காது, முதலில் அதைக் கண்டுபிடித்துக் குழாய்க்குள் உறை போட வைக்க வேண்டும். சவுத் எண்டில் வீடுகளுக்குப் பின்னால் போகிற ஒரு சந்து முழுவதையும் தண்ணீர் உறிஞ்சும் தளமாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள்.

சட்டம் ஒன்றும் உண்டு. 2006-லிருந்து இந்தப் பகுதிகள் நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு மண்டலம். அதற்குள் புதிதாகக் கட்டினாலோ, பெரிய அளவில் புதுப்பித்தாலோ, பேஸ்மென்டை ஆழப்படுத்தினாலோ, கட்டிடம் நிற்கிற பரப்பின்மேல் விழும் ஒரு அங்குல மழையையாவது பூமிக்குள் இறக்க ஏற்பாடு இருக்க வேண்டும், நீர்மட்டத்தைக் குறைக்கவும் கூடாது. தரையைத் தாழ்த்தினார்கள் என்றீர்களே, அதற்கு அனுமதி வாங்கினார்களா? நகராட்சியின் கட்டிட அனுமதிப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விலாசத்தைப் போட்டுத் தேடுங்கள்.

விரிசல் எல்லாமே மரக்காலால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் மேல்விட்டம் துருப்பிடித்துத் தூக்கினாலும் வரும். 160 வருஷத்தில் சேறு அமுங்கி, வீடு என்றைக்கோ சாய்ந்து, பிறகு அசையாமல் நிற்பதும் உண்டு. புதுப் பெயின்ட் மறுபடி விட்டிருக்கிறது என்பதுதான் இங்கே யோசிக்க வைக்கிறது, ஏனென்றால் இன்னமும் அசைகிறது என்று அர்த்தம்.

மாயவரத்தான்

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மூன்று நாளாக இதே வேலையாக இருக்கிறேன், தெரிந்ததை எழுதுகிறேன்.

தெருமுனைக் கிணறு வீட்டு வாசலிலிருந்து அறுபது அடி எடுத்து வைக்கிற தூரம். அந்த இரும்பு மூடியை நான் நாலு தடவை மிதித்திருக்கிறேன். அளவுகளை ஒரு தாளில் எழுதினேன். பல வருஷம் 5.5 அடிக்கும் 6.5 அடிக்கும் நடுவில் நின்றிருக்கிறது. கடந்த இரண்டு வருஷமாக 5-ஐத் தொடவே இல்லை. கடைசி அளவு 4.4.

அனுமதிப் பதிவில் அந்த விலாசத்துக்குச் சமையலறை, எலக்ட்ரிக் வேலைக்கு இருக்கிறது. தரை தாழ்த்தியதற்கு எதுவும் இல்லை.

அப்புறம் ஒன்று. மூன்றாம் மாடியில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே குடியிருப்பவர். மனைவியும் நானும் போய் மரியாதையாகக் கேட்டோம். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். 1998-ல் தோண்டிய சோதனைக் குழியின் அறிக்கை! முன்சுவர்க் கால்தலை 4.9 அடி, தண்ணீர் 6.1 அடி, மரம் நல்ல நிலை என்று இருக்கிறது. பாட்டி சொன்னார்: "அதற்கப்புறம் இங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை."

அப்படியென்றால் இப்போது கால்தலை அரை அடி வெளியே நிற்கிறது என்றுதானே அர்த்தம்? பம்ப் வைத்ததும் இரண்டு வருஷம் முன்புதான். பம்ப்பை நிறுத்தினால் சரியாகுமா? மனைவிக்கு அந்தப் பாட்டியைப் பார்த்ததிலிருந்து வீட்டை விட மனசு வரவில்லை.

மண்ணும் கல்லும்

1998 தாள் தங்கம். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பாட்டியின் அனுமதியோடு காண்டோ டிரஸ்ட் பதிவிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணக்கு சரியான திசையில்தான் போகிறது, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 4.4 என்பது தெருமுனையில் எடுத்த அளவு. பம்ப் இருப்பது வீட்டுக்குள். பம்ப்தான் காரணம் என்றால் பம்ப் குழியைச் சுற்றி மட்டம் இதைவிடக் கீழே இருக்கும், பின்சுவரைவிட முன்சுவர் மோசமாக இருக்கலாம், அல்லது மறுபுறமும் இருக்கலாம். தெருச் சாக்கடை காரணம் என்றால் வேறு கணக்கு. தோண்டாமல் சொல்ல முடியாது. ஒரு நல்ல சேதி: வெளியே நின்றது இரண்டே வருஷம்தான் என்றால் மரத்தின் உடம்பு இன்னும் பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மட்டத்தைத் திரும்ப ஏற்றினால் அழுகல் அதோடு நின்றுவிடும். கெட்ட பாகம் மட்டும் திரும்ப வராது.

பம்ப்பைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். தாழ்த்திய தரைக்கு மேல் தண்ணீர் வந்துவிட்டால் மின்சார ஆபத்து. அந்தத் தரையை உயர்த்துவது அல்லது தண்ணீர் புகாத தொட்டி மாதிரி மாற்றிக் கட்டுவது, இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டுத்தான் பம்ப்பை எடுக்க வேண்டும். செலவு விற்பவர் கணக்கில் வர வேண்டியது.

திருவையாற்றுக்காரி

தம்பி, பிஸ்கட் டப்பா பாட்டிக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள்.

பம்ப் விஷயத்தில் எங்களுக்கு நடந்ததையும் சொல்கிறேன். கால்களை மாற்றி முடித்த இரண்டாம் வருஷம் எங்கள் தெருக் கிணற்று அளவு மறுபடி இறங்கியது. எனக்குத் தூக்கமே போனது, அவ்வளவு பணம் போட்டு மறுபடியுமா என்று. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தெரு அடங்கியதும் பின்சந்தில் நடந்து பார்த்தேன். மூன்றாவது வீட்டுச் சுவரோரம் போனால் காலடியில் ஒரு உறுமல், நாற்பது விநாடி ஓடும், நிற்கும், ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. மழையே இல்லாமல் ஓடுகிற பம்ப் நிலத்தடி நீரைத்தான் இறைக்கிறது, வேறு எதை? அந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பேஸ்மென்டில் மகனுக்கு அறை போட்டிருந்தார், சுவரில் ஈரம் கண்டதும் ஒரு கம்பெனி பம்ப் வைத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் எங்கள் குழியில் எடுத்த மரத்துண்டை ஒரு ஜாடியில் வைத்திருந்தேன், அதைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். அடுத்த மாதம் மிதவை சுவிட்சை இரண்டடி உயர்த்தினார். அதாவது தண்ணீர் உண்மையிலேயே தரையைத் தொடும் அளவுக்கு ஏறினால்தான் ஓடும். மூன்று மாதத்தில் கிணற்று அளவு முக்கால் அடி ஏறியது.

ரோ ஹவுஸில் பக்கச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. சுவருக்குக் கீழே இருக்கிற கால்களும் பொது. நீங்கள் எவ்வளவு சரியாக வைத்திருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீரை இறைத்தால் உங்கள் பாதிச் சுவர் போகும். அதனால் வாங்குகிறீர்களென்றால் குடி வந்த முதல் வாரமே இரண்டு பக்கமும் கதவைத் தட்டுங்கள். எங்கள் தெருவில் பதினொரு வீட்டுக்காரர்கள் இப்போது சேர்ந்து கூரைத் தண்ணீரை முற்றத்தில் இறக்குகிறோம். நம் ஊரில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைச் சட்டம் போட்டுத்தான் செய்ய வைத்தார்கள். இங்கே ஒரு இத்துப்போன கட்டையைக் காட்டினாலே போதுமாக இருந்தது.

வாங்குவதா என்றால், சோதனைக் குழி தோண்ட அனுமதித்தால்தான் கையெழுத்து என்று எழுதிக் கொடுங்கள். முன்சுவரில் ஒன்று, பம்ப் பக்கத்தில் ஒன்று. பாட்டியும் சேர்ந்து கேட்டால் மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் மறுக்கமாட்டார்கள். விலை போய்விடுமே என்று பயப்படுவார்கள். தெரியாமல் இருந்தால் நாளைக்கு அவர்களும் சேர்ந்துதானே கட்ட வேண்டும் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

மாயவரத்தான்

விற்பவர் ஒத்துக்கொண்டார், கையெழுத்துத் தேதியை மூன்று வாரம் தள்ளிப் போட்டாயிற்று. குழிச் செலவில் பாதி அவர், பாதி நாங்கள். பாட்டி டிரஸ்டிகள் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினாராம். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தோண்டுகிறார்கள். அப்பாவிடம் வேலிக்கால் கதையைச் சொன்னேன். ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "குழியில தண்ணி நிக்கிற எடத்த போட்டோ எடுத்து அனுப்பு" என்றார். குழி தோண்டும்போது நான் என்ன கேட்க வேண்டும்?

திருவையாற்றுக்காரி

கால்தலை மட்டத்தையும் தண்ணீர் மட்டத்தையும் சிட்டி பேஸ் கணக்கில் எழுதித் தரச் சொல்லுங்கள், "தரையிலிருந்து இத்தனை அடி" என்று எழுதினால் தரையை மாற்றிப் போட்டதும் அந்த எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். தோண்டின அன்றைக்கே அளக்க வேண்டாம், ஒரு ராத்திரி விட்டு வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் அமைதியான பிறகு அளக்கட்டும். பம்ப் அந்த ராத்திரி எத்தனை தடவை ஓடியது என்று யாராவது கணக்கு வையுங்கள். குழியை மூடுவதற்கு முன்னால் துளை போட்ட பிவிசி குழாய் ஒன்றைக் காலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தரையில் சின்ன மூடி வைத்துவிடச் சொல்லுங்கள். முப்பது டாலர்கூட ஆகாது. மாதம் ஒருமுறை டேப்பை இறக்கினால் உங்கள் வீட்டுக் கிணற்றை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நான் வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு வருகிறேன், டார்ச் லைட்டும் நீள ஸ்க்ரூ டிரைவரும் எடுத்து வருகிறேன்.